மூன்று கிலோ குழம்புத்தூளும் கசக்கிறது, எங்கே தப்பு செய்தேன்?

மலைமேல்_மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. அதுவரை சேலம் அம்மாபேட்டையில் அத்தை அரைத்து வைக்கும் குழம்புத்தூள்தான் எங்களுக்கு. இந்த வருஷம் அத்தைக்கு முட்டிவலி, சரி நானே அரைத்துக்கொள்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். போனில் அவர் சொன்ன கணக்கு இது: நீட்டு மிளகாய் 1 கிலோ, மல்லி ஒன்றரைக் கிலோ, சீரகம் 200 கிராம், மிளகு 150, விரலி மஞ்சள் 100, துவரம்பருப்பு 100, வெந்தயம் 50, கறிவேப்பிலை இரண்டு கை. இங்கே மூன்று நாளாகப் பனி விலகவில்லை, துணியே காயவில்லை, மிளகாய் எங்கே காயப்போகிறது? அதனால் எல்லாவற்றையும் வாணலியில் வறுத்து, பையில் கட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி, மில்லில் அரைத்து, தூக்குவாளியில் அடைத்து, அன்று சாயங்கால பஸ்ஸிலேயே மேலே வந்துவிட்டேன்.

முதல் நாள் கத்தரிக்காய்க் குழம்பு கசந்தது. கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டேன். மறுநாள் முருங்கைக்காய் சாம்பார், அதுவும் கசப்பு. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போதாததற்கு வாளியின் அடியில் தூள் கட்டி கட்டியாக இருக்கிறது. மூன்று கிலோவையும் கொட்டுவதா, காப்பாற்ற வழி உண்டா? அத்தைக்குத் தெரிவதற்குள் சொல்லுங்கள்.

குகை_பெரியவர்:
கடையில் பாக்கெட் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. காலம் மாறிவிட்டதம்மா.

அஸ்தம்பட்டி_அம்மிணி:
பெரியவரே, பாக்கெட்டைப் பற்றிப் பேச வேறு இழை பத்து இருக்கிறது, அங்கே போங்க. பாவம், அந்தப் பொண்ணு மூன்று கிலோவை வைத்துக்கொண்டு முழிக்கிறாள்.

கண்ணு, வறுத்தபோது மல்லி என்ன நிறத்தில் இருந்தது? மல்லி சூடேறி வாசம் வந்ததுமே இறக்கிவிட வேண்டும். நிறம் மாறும் வரை நின்றால் போச்சு. அடி கனமான வாணலியாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகும் அது வறுத்துக்கொண்டே இருக்கும், உடனே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். வெந்தயம் இன்னும் மோசம். இளஞ்சிவப்பாக இருக்கும்போது இறக்கினால் மணம், இன்னும் அரை நிமிஷம் விட்டால் கஷாயம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுத்தாயா, தனித்தனியாகவா?

மலைமேல்_மருமகள்:
தனித்தனியாகத்தான் அக்கா. மிளகாய் காம்போடு, மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக. மல்லி நிறம் மாறவில்லை, சத்தியமாக. வெந்தயம் கொஞ்சம் சிவந்தது, கருகவில்லை.

மேகமூட்டம்:
உயரம்தான் காரணமாக இருக்கும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மசாலா சரியாக வேகாமல் பச்சையாக நின்று கசந்திருக்கும்.

எஸ்டேட்_கணக்கு:
தம்பி, தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது உண்மை, பருப்பு வேக நேரம் பிடிப்பதும் உண்மை, குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பை வேகவைத்துப் பாருங்கள், ஒரு பேப்பர் படித்து முடித்துவிடலாம். ஆனால் வேகாத மசாலா பச்சை வாசம் அடிக்கும், கசக்காது. இந்த மலையில் எத்தனையோ தலைமுறையாகக் குழம்பு வைக்கிறார்கள், எல்லாம் கசந்தா போயிற்று?

உயரம் செய்கிற வேலை வேறு. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபதாவது வளைவு தாண்டும்போது பலூன் மாதிரி உப்பிக்கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அவ்வளவுதான்.

தங்கச்சி, மிளகு எங்கே வாங்கினீர்கள்? இங்கே எஸ்டேட்டில் நேராக வாங்கியதா?

மலைமேல்_மருமகள்:
ஆமாம் அண்ணா, பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்கிற அக்கா கொடுத்தது. பார்க்க நன்றாகக் கறுப்பாக இருந்தது.

எஸ்டேட்_கணக்கு:
சரி, அப்படியானால் கட்டி விழுந்ததற்கு ஒரு காரணம் அதுவாக இருக்கலாம். இங்கே சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றிய மிளகை டிசம்பர், ஜனவரி தொடங்கிப் பறிப்பார்கள். பறித்து, உதிர்த்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துக் காயப்போட்டால் ஒரே சீராகக் கறுத்துவிடும், வெயிலும் ஒன்றிரண்டு நாள் மிச்சம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். அவசரக்காரர்கள் அது ஒன்றேகால் ஆகும்போதே அள்ளிவிடுவார்கள், எடை நிற்குமே! வெளியே கறுப்பு, உள்ளே ஈரம். நாலு மிளகைக் கடித்துப் பாருங்கள், டக் என்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் நசுங்கினால் காயவில்லை.

ஆனால் இதனாலும் கசக்காது. தூள் கட்டி விழும், அவ்வளவுதான்.

ஹாஸ்டல்_டப்பா:
நான் பெங்களூரில் இருக்கும் சேலத்துப் பையன். அம்மா அனுப்பும் தூள் தீர்ந்துவிட்டது, மிக்ஸியில் 200 கிராம் மட்டும் அரைத்துக்கொள்ள முடியுமா? இல்லை மில்தான் வேண்டுமா?

அஸ்தம்பட்டி_அம்மிணி:
தாராளமாக அரைக்கலாம் கண்ணு. சின்ன ஜார், பாதிக்கு மேல் நிரப்பாதே, இருபது விநாடி ஓட்டு, நிறுத்து, ஆறவிடு, திரும்ப ஓட்டு. விடாமல் ஓட்டினால் ஜார் சூடாகி மல்லி வாசம் முழுவதும் உன் ரூமுக்குப் போய்விடும், தூளில் நிற்காது. மஞ்சளை மட்டும் முழுசாகப் போடாதே, பிளேடு போய்விடும். வீட்டில் என்றால் அம்மிக் குழவியால் நாலு தட்டுத் தட்டிப் போடுவோம், நீ தூளாகவே வாங்கிக் கலந்துகொள். கடைசியில் சலித்து, சல்லடையில் நிற்கிற திப்பியை அடுத்த ரசத்துக்கு வைத்துக்கொள்.

லீபஜார்_செலவுக்காரன்:
முப்பது வருஷம் செவ்வாய்ப்பேட்டையில் செலவுக் கடையில் நின்றவன் நான், இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிளகாய். நீட்டு மிளகாய் மட்டும் போட்டால் காரம் வரும், குழம்புக்கு உடம்பு வராது. முக்கால் பங்கு நீட்டு, கால் பங்கு குண்டு என்று போட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் சேலம் ஜவ்வரிசிக்கும் அதே வருஷம்தான். நிறம்தான் முக்கியம் என்கிறவர்கள் கர்நாடகத்து பியாடகியில் ஒரு கை சேர்ப்பார்கள், அது சுருங்கி வதங்கினாற்போல் இருக்கும், காரம் கம்மி, சிவப்பு அள்ளும். மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். காம்பு அடியில் சாம்பல் பூத்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் போகாது.

மஞ்சளுக்கு விரலியே வாங்குங்கள், தூளாக வாங்காதீர்கள். லீ பஜாரில் ஏலத்துக்கு வரும் மூட்டைகளைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. நல்ல விரலியை உடைத்தால் உள்ளே ஆரஞ்சு அடிக்கும், ஓசை கணீரென்று இருக்கும். வெளியே பளீர் மஞ்சள், உடைத்தால் உள்ளே வெளிறல் என்றால் சந்தேகப்படுங்கள், ஈயம் கலந்த சாயம் பூசுகிற கெட்ட வழக்கம் சில இடங்களில் உண்டு.

இனி கசப்பு. நீங்கள் சொன்ன பட்டியலில் முக்கியமாகக் கசக்கிற சாமான் வெந்தயம்தான். 3 கிலோவுக்கு 50 கிராம் என்பது சரியான கணக்கு, அது கசக்கவே கசக்காது. அதனால் ஒரு கேள்வி. அந்த 50 கிராமை யார் நிறுத்தது? கடையில் பொட்டலமாக வாங்கினீர்களா, வீட்டு டப்பாவிலிருந்து போட்டீர்களா?

ஹாஸ்டல்_டப்பா:
செலவுக் கடை என்றால் என்னங்க, காசு செலவு செய்கிற கடையா?

லீபஜார்_செலவுக்காரன்:
சேலத்துப் பையன் என்கிறாய், இதைக் கேட்கிறாய்! நம் பக்கம் மசாலாச் சாமானுக்குச் செலவு என்றுதான் பேர். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற செலவு ரசம் குடித்ததில்லையா? திப்பிலி, சித்தரத்தை எல்லாம் தட்டிப் போட்டு வைப்பார்களே. உன் அம்மாவைக் கேள்.

மலைமேல்_மருமகள்:
ஐயா, மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் கடையில் நிறுத்து வாங்கியது. வெந்தயம் மட்டும் வீட்டில் இருந்தது, அதனால் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் தராசு இல்லை. முன்பு ஒருமுறை மல்லி அளந்தபோது காபி டம்ளருக்கு 60 கிராம் சொச்சம் வந்தது ஞாபகம் இருந்தது, அதனால் அதே டம்ளரில் தலை தட்டி ஒரு டம்ளர் வெந்தயம் போட்டேன், 50 கிராம்தானே என்று.

லீபஜார்_செலவுக்காரன்:
மாட்டிக்கொண்டது! மல்லி உள்ளே வெற்றான விதை, ஊதினால் பறக்கும். வெந்தயம் சின்னக் கல். இரண்டும் ஒரே டம்ளரில் ஒரே எடை எப்படி நிற்கும்? நாளைக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் போனால் அந்த டம்ளரையும் எடுத்துப் போங்கள், மளிகைக் கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மில்காரர்_மகள்:
அதற்குள் நான் கட்டி விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்பா மில்லில் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள். அக்கா, மிஷினிலிருந்து வரும் தூளைத் தொட்டுப் பார்த்தீர்களா? இட்லி மாதிரி சூடாக இருக்கும். அதை அப்படியே மூடிபோட்ட தூக்கில் அடைத்து, மலை ஏறி, குளிரில் கொண்டுபோய் வைத்தால் உள்ளே இருக்கிற ஆவி மூடியில் வேர்த்து மறுபடி தூளிலேயே சொட்டும். மில்லிலேயே ஓரமாகப் பேப்பர் விரித்துப் பரப்பி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் அவசரம். ‘பஸ் போய்டும்மா’ என்று சூட்டோடு அள்ளிக்கொண்டு போவார்கள், நாங்கள் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டீர்களா? மிஷின் வயிற்றில் ஒன்றிரண்டு கை எப்போதும் தங்கும். அரப்பு, சீயக்காய் அரைக்கிற மிஷினில் மிளகாயைப் போட்டால் தீர்ந்தது. நல்ல மில்லில் அதற்குத் தனி மிஷின் இருக்கும். முதலில் விழும் ஒரு கைத் தூளைத் தனியாகப் பிடித்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

குகை_பெரியவர்:
எங்கள் வீட்டுக்காரி ஒருமுறை மில்லில் அரைத்துவந்த இட்லிப்பொடி முழுவதும் சீயக்காய் வாசம். அது எந்த மில் என்று சொல்லமாட்டேன். அன்றைக்குத்தான் பாக்கெட்டுக்கு மாறினோம்.

அஸ்தம்பட்டி_அம்மிணி:
அப்படிச் சொல்லுங்க பெரியவரே, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கோபித்திருக்கமாட்டேன்.

மலைமேல்_மருமகள்:
நிறுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தராசில் வைத்தார். அதே காபி டம்ளர், மல்லி 65 கிராம், வெந்தயம் 155 கிராம். மிளகைக் கேட்டேன், 105 காட்டியது. நான் 50 என்று நினைத்துப் போட்டது மூன்று பங்கு! கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ‘அய்யய்யோ’ என்று கத்திவிட்டேன்.

அப்படியானால் தூள் கருகவில்லை, கெடவில்லை, வெந்தயம்தான் கூடிவிட்டது. இப்போது வெந்தயம் இல்லாமல் இன்னொரு பங்கு அரைத்துக் கலந்துவிட்டால் சரியாகிவிடுமா?

எஸ்டேட்_கணக்கு:
கணக்குப் போடுங்கள் தங்கச்சி. மூன்று மடங்கு வெந்தயம் என்றால் அதைச் சரிக்கட்ட மொத்தத் தூளும் மூன்று மடங்காக வேண்டும். 3 கிலோவுக்கு வெந்தயம் இல்லாத தூள் இன்னும் 6 கிலோ. ஆகமொத்தம் 9 கிலோ குழம்புத்தூள். ஏற்காட்டில் பாதிப் பேருக்கு நீங்கள் குழம்பு வைக்கலாம்.

மலைமேல்_மருமகள்:
அண்ணா சிரிக்காதீர்கள்.

அஸ்தம்பட்டி_அம்மிணி:
எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி யார் சொன்னது? ஒரு கிலோவை எடு, வெந்தயமே போடாமல் 2 கிலோ புதிதாக அரைத்து அதோடு கலந்துகொள், ஆறு மாசத்துக்கு வரும். மிச்ச 2 கிலோவைத் தொடாதே, அதுக்கு வேறு வேலை இருக்கிறது.

மீன் குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் நாமே வெந்தயம் தாளித்துத்தானே கொட்டுகிறோம்? அந்தத் தூளைப் போடும் நாளில் தாளிப்பில் வெந்தயத்தை நிறுத்திவிடு. புளி கொஞ்சம் தூக்கலாக, கடைசியில் நெல்லிக்காய் அளவு வெல்லம், நல்லெண்ணெய் தாராளமாக. தூளை எண்ணெய் பிரிகிற வரை கொதிக்கவிட்டு, அடுத்த நாள் சாப்பிடு. கசப்பு என்றே ஒருத்தருக்கும் தெரியாது, சுண்டைக்காய் வத்தல் போட்டிருந்தால் கசப்பை அதன் கணக்கில் எழுதிவிடலாம். சாம்பாருக்கு மட்டும் அந்த வாளிப் பக்கமே போகாதே.

முதலில் அந்தக் கட்டிகளை ஒரு தட்டில் கொட்டி மோந்து பார். பழைய சாக்கு வாசம் வந்தாலோ, வெள்ளையாக நூல் மாதிரி ஏதாவது தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு, மீன் குழம்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

மலைமேல்_மருமகள்:
பார்த்தேன் அக்கா. வாசம் நல்ல வாசமாகத்தான் இருக்கிறது, விரலால் நசுக்கினால் கட்டி பொலபொலவென்று உதிர்கிறது. நேற்று பதினொரு மணிக்குக் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது, ஓடிப்போய் முறத்தில் பரப்பினேன், ஒரு மணிக்குப் பனி மூடிவிட்டது. பிறகு கனமான வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு அதில் கொட்டிப் புரட்டினேன். தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர்.

லீபஜார்_செலவுக்காரன்:
நல்ல வேலை செய்தீர்கள். இனி ஒவ்வொரு வருஷமும் பங்குனி, சித்திரையில் அத்தை வீட்டு மொட்டைமாடியில் காயவைத்து அரைத்துக்கொண்டு போய்விடுங்கள், சேலத்து வெயில் வேறு எதற்கு இருக்கிறது? வெயிலில் காய்ந்த மிளகாய்க்கு வறுப்பே வேண்டாம். மல்லியைக் கை பொறுக்கும் சூட்டில் ஒரு புரட்டு, போதும். எண்ணெய் விட்டு வறுத்தால் வாசம் தூக்கும், ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், அதனால் வருஷத்துத் தூளுக்கு எண்ணெயே படக்கூடாது.

அந்த 100 கிராம் துவரம்பருப்பையும் மலைமேல் வைக்கிற தூளில் நான் போடமாட்டேன். குழம்பு கெட்டியாக வரத்தான் போடுவது, வேண்டும் என்றால் குழம்பில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு கரைத்து ஊற்றிக்கொள்ளலாம். ஈரத்தில் பூச்சி முதலில் தேடுவது பருப்பையும் மல்லியையும்தான். செம்பழுப்பாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வண்டு வரும், பாலித்தீன் பையைக்கூடத் துளைத்துவிடும்.

மில்காரர்_மகள்:
ஃப்ரீசர் இருந்தால் அரைத்த தூளை நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் உள்ளே வைத்து எடுங்கள், முட்டை இருந்தாலும் செத்துவிடும். எடுத்தவுடன் திறக்கக் கூடாது, வெளியே வைத்துச் சில்லிப்பு போன பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வேர்த்துக் கட்டி விழும். அன்றாடம் எடுக்கச் சின்ன டப்பா தனியாக, ஸ்பூன் காய்ந்ததாக. கொதிக்கிற குழம்புக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஆவி நேராக டப்பாவுக்குள் போகிறது.

ஹாஸ்டல்_டப்பா:
நான் அப்படித்தான் கொட்டுகிறேன். அப்புறம், காபி டம்ளருக்கு மல்லி 65, மிளகு 105, வெந்தயம் 155 என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். சீரகம் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்களேன்.

எஸ்டேட்_கணக்கு:
உன் டம்ளர் வேறு, அவர் டம்ளர் வேறு தம்பி. முதலில் உன் டம்ளரில் தண்ணீர் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார். அவருடையது 200 மில்லியாக இருக்கும். அந்த அளவுக்குச் சீரகம் 80 கிராம் பக்கம் நிற்கும்.

மலைமேல்_மருமகள்:
நேற்று ராத்திரி அந்தத் தூளில் மீன் குழம்பு வைத்தேன், மேட்டூர் கெளுத்தி. அம்மிணி அக்கா சொன்னபடி வெந்தயம் தாளிக்கவில்லை, வெல்லம் போட்டேன். இன்றைக்குக் காலையில் பழைய குழம்பை இட்லிக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்காரர் இரண்டாவது முறை கேட்டார். தயிர் வெளியே வரவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அத்தை போன் செய்து ‘தூள் எப்படி வந்திருக்கு, எனக்கும் ஒரு கிலோ குடுத்து விடு’ என்கிறார். கலந்த தூள் இன்னும் தயாராகவில்லை. என்ன சொல்ல?

அஸ்தம்பட்டி_அம்மிணி:
மீன் குழம்புக்கென்றே தனியாக அரைத்தேன் அத்தை என்று சொல்லிக் கொடு.

குகை_பெரியவர்:
அந்த அம்மா ஒரு கிள்ளு நாக்கில் வைத்தாலே கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொல்லிவிடம்மா. அப்படியே அடிவாரம் பக்கம் வந்தால் எனக்கும் அரைக் கிலோ கொண்டுவா, வீட்டுக்காரி வத்தக்குழம்பு வைத்துப் பார்க்கலாம் என்கிறாள்.